கேஸ்கட் போய்விட்டதா? எந்தக் கேஸ்கட்?

தில்லியில் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் என்றேனும் ஒரு நாள் கேட்டே தீர வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு. "சாப், கேஸ்கட் உட் கயா!" பானெட்டுக்குள் குனிந்திருக்கும் மிஸ்திரி தலையை நிமிர்த்தாமலே இதைச் சொல்வார். நாமும் ஏதோ பெரிய வியாதியின் பெயரைக் கேட்டவர் போல முகம் வெளுத்து, "கித்னா லகேகா?" என்போம். சொன்ன தொகையில் ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவோம். பிறகு வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீடு திரும்புவோம்.

இதில் நாம் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. "எந்தக் கேஸ்கட்?" என்பதே அது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த குடும்பத்துக்கும் தெரியாத குடும்பத்துக்கும் உள்ள வித்தியாசம் சில சமயம் பல ஆயிரம் ரூபாய். பணத்தைவிடப் பெரிய வித்தியாசமும் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பார்க் பிளக் மாற்றுவதையும், இன்ஜினின் மேல்மூடிக் கேஸ்கட்டை மாற்றுவதையும் நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது கற்றுக்கொள்ள வேண்டும். ஹெட் கேஸ்கட்டில் மட்டும் வீட்டில் கை வைக்கக் கூடாது. முதல் இரண்டையும் செய்து பழகியவருக்குத்தான் மூன்றாவதை ஏன் செய்யக் கூடாது என்பதும் விளங்கும்.

குக்கரும் இன்ஜினும்

கேஸ்கட் என்றால் என்ன என்று நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குக்கர் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம்தான் கேஸ்கட். இரண்டு உலோகப் பாகங்கள் சேரும் இடத்தில் ஆவியோ நீரோ எண்ணெயோ கசியாமல் அடைத்துக்கொண்டிருப்பது அதன் வேலை. நாளடைவில் சூட்டில் இறுகி, நெகிழ்வு போய், விளிம்பில் கசிய ஆரம்பிக்கும். குக்கரில் விசில் வரவில்லை என்றால் அம்மா முதலில் பார்ப்பது கேஸ்கட்டைத்தான். அதற்காக யாரும் மெக்கானிக்கைக் கூப்பிட்டதில்லை.

கார் இன்ஜினில் இத்தகைய கேஸ்கட்டுகள் பல இருக்கின்றன. நாம் அறிய வேண்டியவை மூன்று. உச்சியில், வால்வுகளை மூடியிருக்கும் மூடிக்கு அடியில் ஒன்று. மிஸ்திரிகள் இதை டேப்பட் கவர் கேஸ்கட் என்பார்கள். அதற்குக் கீழே, சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே ஹெட் கேஸ்கட். எல்லாவற்றுக்கும் அடியில், எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைச் சுற்றி ஒன்று. சில வண்டிகளில் அங்கே கேஸ்கட்டுக்குப் பதில் பசை மட்டும் இருக்கும்.

முதலாவது கசிந்தால் இன்ஜினின் பக்கவாட்டில் எண்ணெய் வழியும், புகை வாடை வரும். சில நூறு ரூபாய்ச் சாமானும் ஒரு காலை நேரமும் போதும். இரண்டாவது போனால் இன்ஜினைப் பாதி பிரிக்க வேண்டும். செலவு பல ஆயிரங்களில் போகும். இரண்டுக்கும் மிஸ்திரி சொல்லும் சொல் ஒன்றேதான்: "கேஸ்கட்". அவர் பொய் சொல்லவில்லை. நமக்குத்தான் அர்த்தம் தெரியவில்லை.

நமக்குத் தெரிந்த ஓர் அன்பரின் வீட்டில் நடந்தது இது. "மாமா, கேஸ்கட் போயிடுத்தாம், இன்ஜினையே இறக்கணுமாம்" என்று மருமகன் போனில் சொல்ல, பெரியவர் கேட்டது ஒன்றுதான்: "மாப்பிள்ளை, ரேடியேட்டரில் தண்ணி குறையறதா?" குறையவில்லை. "இன்ஜின் சூடாறதா?" இல்லை. "அப்போ எண்ணெய் எங்கே வழியறது, மேலேயா கீழேயா?" மேலே. கடைசியில் மேல்மூடிக் கேஸ்கட் மாற்றியதோடு வேலை முடிந்தது. பெரியவர் இன்ஜினியர் அல்லர். கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பிளக் சொல்லும் சேதி

பெட்ரோல் அல்லது சி.என்.ஜி. வண்டியில் எரிபொருளுக்குத் தீ வைப்பது ஸ்பார்க் பிளக். அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள சின்ன இடைவெளியைப் பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் தாவும்போது பொறி பறக்கிறது. 1902-இல் ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தின் பொறியாளர் காட்லோப் ஹோனால்ட் உயர் மின்னழுத்த முறையைப் பிளக்கோடு இணைத்துக் கொடுத்த நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1,500 முறை பொறி விடுகிறது. இவ்வளவு உழைக்கும் பொருள் தேயாமல் இருக்குமா?

முனை தேய்ந்தால் இடைவெளி அகலும். காலையில் வண்டி கிளம்பத் தகராறு செய்யும். மேம்பாலத்தில் ஏறும்போது இழுக்காது. இடையிடையே 'மிஸ்ஸிங்' அடிக்கும். பெட்ரோல் அதிகம் குடிக்கும். தில்லியில் சி.என்.ஜி. வண்டிகள் மிகுதி. அந்த வாயுவைப் பற்ற வைக்கப் பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தம் தேவை. ஆகவே தேய்ந்த பிளக்கின் குறை சி.என்.ஜி.யில் சீக்கிரமே வெளியில் தெரியும்.

இதை அலட்சியம் செய்தால் நஷ்டம் நமக்கு மட்டும் அன்று. எரியாத எரிபொருள் புகைக்குழாய் வழியே சென்று, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதன் விலையோடு ஒப்பிட்டால் பிளக்கின் விலை ஒன்றுமே இல்லை. குளிர்காலத்தில் ஊரே மூச்சுத் திணறும் தலைநகரில், நம் வண்டி விடும் புகைக்கு நாம்தான் பொறுப்பு.

கழற்றிய பிளக் பேசும் என்பார்கள். முனை வெளிறிய பழுப்பாக இருந்தால் இன்ஜின் ஆரோக்கியம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் தூசியால் அடைத்திருக்கிறது. எண்ணெய் ஈரத்தோடு கறுத்திருந்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் வருகிறது. வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. முனை நன்றாக இருந்து, பிளக் அமர்ந்திருக்கும் குழி மட்டும் எண்ணெயில் மிதந்தால், பல இன்ஜின்களில் அது மேல்மூடிக் கேஸ்கட்டோடு சேர்ந்த வளையங்கள் இறுகிவிட்டதன் அடையாளம். நாலு பிளக்கை வரிசையாகப் பழைய செய்தித்தாளின்மேல் வைத்துப் பார்த்தால், டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போலத்தான்.

வீட்டில் செய்யும் முறை

1983 டிசம்பர் 14-இல் முதல் மாருதி 800 விற்பனைக்கு வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. அந்த முப்பதாண்டுக் காலத்தில் நம்மவர் பலருக்கு அதுவே முதல் கார். மூன்று சிலிண்டர், மூன்று பிளக். கை எட்டும் இடம். இன்றைய வண்டிகளில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. பிளக் ஆழமான குழிக்குள் இருக்கிறது. ஆனாலும் வேலையின் இயல்பு ஒன்றே.

வண்டியின் கையேட்டைப் படிப்பது முதல் வேலை. எந்த எண் பிளக், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை, எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் அதில் இருக்கும், அல்லது பிளக் கம்பெனியின் அட்டவணையில் கிடைக்கும். சாதாரண நிக்கல் பிளக் ஏறக்குறைய 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரும். இரிடியம் முனை உள்ளவை ஒரு லட்சம்கூடத் தாண்டும். காஷ்மீரி கேட் கடைகளில் எல்லாம் கிடைக்கும். ஆனால் பில் தருகிற கடையில் வாங்குங்கள். பிளக்கில் போலிகள் உண்டு.

இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, காபிக்கு முன்னால், சரியான நேரம். சூடான அலுமினிய ஹெட்டில் பிளக்கைத் திருகினால் மரை கெடும். சாவியை எடுத்துவிடுங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை முதலில் ஊதி அகற்றுங்கள். தில்லித் தூசி சிலிண்டருக்குள் விழுந்தால் உள்ளே உரசித் தேய்க்கும். ஒரு நேரத்தில் ஒரு பிளக்கை மட்டும் கழற்றுங்கள். அப்போதுதான் ஒயர்கள் இடம் மாறாது. ஒயரைப் பிடித்து இழுக்காமல் அதன் ரப்பர்த் தலையைப் பிடித்து எடுங்கள். பிளக்குக்கென்றே உள்ள, உள்ளே ரப்பர் வைத்த பாக்ஸ் ஸ்பேனர் தேவை. பழைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் 21 மி.மீ., புதியவற்றுக்கு 16 அல்லது 14 மி.மீ.

புதிய பிளக்கின் இடைவெளியை ஃபீலர் கேஜ் கொண்டு சரிபாருங்கள். இரிடியம் பிளக்கின் முனையைத் தட்டவோ தேய்க்கவோ வேண்டாம். ஊசி போன்ற அந்த முனை ஒடிந்துவிடும்.

இனிதான் முக்கியமான கட்டம். பிளக்கை முதலில் விரலால் மட்டுமே திருக வேண்டும். குழி ஆழமாக இருந்தால் பழைய ரப்பர்க் குழாய்த் துண்டு ஒன்றைப் பிளக்கின் தலையில் மாட்டிக்கொண்டு சுழற்றலாம். மரை கோணலாகப் பிடித்தால் ரப்பர் வழுக்கும், பிளக் நகராது. உடனே நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். ஸ்பேனரைப் போட்டு வம்பாகத் திருகினால் அலுமினிய மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். அதன்பின் லேத் பட்டறைதான் கதி. விரலால் இறுகிய பிறகு, வாஷர் உள்ள புதிய பிளக்குக்கு அரைச் சுற்று, அல்லது அதற்குச் சற்று மேல். வாஷர் இல்லாத கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு சுற்றே போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டில் சொன்ன அளவு.

மேல்மூடிக் கேஸ்கட்டும் இதே ரகம். காயில்களையும் குழாய்களையும் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது குழப்பம் இல்லை. மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி மெதுவாக எடுங்கள். இரண்டு விளிம்புகளையும் பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். ஒட்டிய துணுக்குகளைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள், இரும்பு வேண்டாம். ஒரு துணுக்குகூட உள்ளே விழக் கூடாது. சில பழைய வண்டிகளின் கேஸ்கட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அத்தகையதை உலர்ந்தபடி சுரண்டி ஊதாமல் ஈரத் துணியால் நனைத்து எடுப்பது நுரையீரலுக்கு நல்லது. புதிய கேஸ்கட்டை மூடியின் பள்ளத்தில் பதித்து, கையேடு சொன்ன மூலைகளில் மட்டும் பசை தடவி, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரமாக, சிறுகச் சிறுக இறுக்குங்கள். இவை சிறு போல்ட்டுகள். பலத்தைக் காட்டினால் உடையும், அல்லது மூடி கோணும். "இன்னும் கொஞ்சம் இறுக்கினால் கசியாது" என்று நினைப்பவர் வீட்டு மூடிதான் முதலில் கசிகிறது.

கை வைக்கக் கூடாத இடம்

ஹெட் கேஸ்கட் மூன்று வேலைகளை ஒரே சமயத்தில் செய்கிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தத்தையும், சுற்றி ஓடும் கூலன்ட்டையும், எண்ணெயையும் ஒன்றோடொன்று கலக்காமல் காக்கிறது. அது பழுதானால் அறிகுறிகள் தெளிவானவை. வெளியில் எங்கும் கசிவு இல்லாமலே ரேடியேட்டரில் நீர் குறையும். இன்ஜின் அடிக்கடி கொதிக்கும். வண்டி சூடான பின்னும் சற்றே இனிப்பு வாடையுடன் வெண்புகை விடாமல் வரும். எண்ணெய் மூடியைத் திறந்தால் மோர் போல வெளுத்த நுரை இருக்கும்.

கடைசி அறிகுறியில் ஓர் எச்சரிக்கை. தில்லி ஜனவரிக் குளிரில், தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியின் எண்ணெய் மூடியில் வெறும் ஈரக்காற்று படிந்தே அப்படி நுரை கட்டும். நீர் குறையாமலும் சூடேறாமலும் இருந்தால், வண்டியை ஒரு நாள் நெடுந்தூரம் ஓட்டிவிட்டுப் பிறகு பாருங்கள். இது தெரியாமல் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதித்துவிட வேண்டாம்.

உண்மையிலேயே ஹெட் கேஸ்கட் போயிருந்தால் அது பட்டறை வேலை. டைமிங் பெல்ட் அல்லது செயினைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது ஒரு பல் தவறினாலும் வால்வுகளின் கணக்கு மாறிவிடும். ஹெட் சூட்டில் வளைந்திருக்கிறதா என்று மயிரிழை அளவுக்குச் சோதித்து, வளைந்திருந்தால் இயந்திரத்தில் சமன் செய்ய வேண்டும். போல்ட்டுகளைக் குறித்த வரிசையில், குறித்த அளவில், பல கட்டங்களாக இறுக்க வேண்டும்; பல புதிய இன்ஜின்களில் அந்த போல்ட்டுகளை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தவே கூடாது. இவை எதையும் வீட்டு முற்றத்தில் ஊகத்தால் செய்ய முடியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். ஒன்று மட்டும் நம் கையில் இருக்கிறது: சூட்டு முள் ஏறியதும் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைப்பது. "வீடு பக்கத்தில்தானே" என்று ஓட்டுவதுதான் பல ஹெட்டுகளை வளைக்கிறது. சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

சொல்லப்படும் தடைகள்

"மிஸ்திரியின் பிழைப்பைக் கெடுக்கலாமா?" என்று கேட்பவர் உண்டு. பிளக் மாற்றுவதால் எந்தப் பட்டறையும் மூடப்பட்டுவிடாது. நாம் விவரம் அறிந்து பேசும்போது நல்ல மிஸ்திரி மகிழ்கிறார். ஏமாற்ற நினைப்பவர்தான் சங்கடப்படுகிறார். இருவரையும் பிரித்தறிய வேறு வழி நமக்கு இல்லை.

"அடுக்குமாடியில் வண்டியைப் பிரிக்க விட மாட்டார்கள்" என்பது இன்னொன்று. நியாயமான கவலைதான். பழைய அட்டையை விரித்து, எண்ணெய்த் துணியைச் சாக்கடையில் போடாமல் பட்டறையிலேயே சேர்த்துவிட்டால் ஆட்சேபிக்க யாருக்கும் காரணம் இராது. வண்டி இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் கை வைக்காமல் சர்வீஸ் நிலையத்துக்கே விடுங்கள். டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. மின்சார வண்டிக்கு இரண்டுமே இல்லை. ஆனால் இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் பெட்ரோல் வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடப் போகின்றன.

மூன்றாவது தடையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "படித்தவன் கையில் கிரீஸா?" என்பதே அது. நம் சமூகத்தின் பழைய நோய் இது. தலைநகருக்கு வந்த நம் முந்தைய தலைமுறை எதைக் கொண்டு பிழைத்தது? டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹாண்டும் கைத்தொழில் இல்லாமல் வேறென்ன? அவர்கள் விரல்களால்தான் இந்த ஊரில் நமக்கு இடம் கிடைத்தது. ரிப்பன் மாற்றவும், சிக்கிய எழுத்தை விடுவிக்கவும், இயந்திரத்துக்கு எண்ணெய் விடவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் பேரப்பிள்ளைகளில் பலர் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கியும் ஒரு பானெட்டைத் திறந்து பார்த்ததில்லை.

முதலில் சொன்ன பெரிய வித்தியாசம் இதுதான். நம் வீடுகள் சிறுத்துவிட்டன. பிள்ளைகள் பெங்களூரிலோ அயல்நாட்டிலோ இருக்க, எழுபது வயதுத் தம்பதியர் பத்து வயது வண்டியோடு மயூர் விஹாரிலும் துவாரகாவிலும் தனியாக இருக்கிறார்கள். நம் பெண்கள் இரவு வேலை முடிந்து தனியே ஓட்டி வருகிறார்கள். ஊரில் என்றால் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருப்பார். இங்கே அந்நிய மொழியில் சொல்லப்படும் ஒரு வார்த்தையை நம்பித்தான் பணத்தையும் பத்திரத்தையும் ஒப்படைக்கிறோம். தன் கையால் ஒரு முறை பிளக் மாற்றிய பெண், வழியில் வண்டி திணறினால் கலங்க மாட்டாள். என்ன நடக்கிறது, எது அவசரம், எது காத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே மகனுக்குக் கற்றுத் தரும்போது மகளையும் கூப்பிடுங்கள். குக்கர் கேஸ்கட் மாற்றும் வீட்டில் அவளுக்கு இது புதிதாகத் தோன்றாது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கலை விழாக்களுக்கும் பட்டிமன்றத்துக்கும் நடுவே ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலைகளை இதற்கு ஒதுக்கலாம். அனுபவமுள்ள மிஸ்திரி ஒருவரை அழைத்து, உறுப்பினர் ஒருவரின் பழைய வண்டியில் பிளக் மாற்றுவதையும் மேல்மூடிக் கேஸ்கட் மாற்றுவதையும் செய்துகாட்டச் சொல்லலாம். அவர் இந்தியில் சொல்லட்டும், நம்மில் ஒருவர் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். அவருக்குச் சால்வையோடு நிறுத்திவிடாமல், ஒரு வாத்தியாருக்கு உரிய சம்பளத்தையும் கொடுக்க வேண்டும். செலவுக்குத் தலைக்கு ஒரு தொகை வைத்தால் தாராளமாக வந்துவிடும். பாக்ஸ் ஸ்பேனரும், ஃபீலர் கேஜும், ஒரு டார்க் ரெஞ்சும் சங்க நூலகத்தில் இருந்தால், புத்தகம் போலவே கையெழுத்துப் போட்டு எடுத்துச் சென்று திருப்பித் தரலாம். செயற்குழு இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுமானால், முதல் வகுப்புக்குப் பெயர் கொடுக்க நான் தயார்.